வாடகைக்கு விட முதல் வீடு வாங்கப் போகிறவர்களுக்கு

வாடகைக்கு விடுவதற்காக ஒரு வீடு வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறார்கள். வாடகை இவ்வளவு வரும், கடன் தவணை இவ்வளவு போகும், மிச்சம் நமக்கு. இந்தக் கணக்கை நம்பி வாங்கியவர்கள் இரண்டாம் வருடத்திலேயே கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். வீடு பார்க்கப் போவதற்கு முன்பே, ஒரு தாளில் எண்களை நேர்மையாக எழுதிவிட்டால் பாதித் தவறுகள் நடக்காமலே போய்விடும். அதனால் கணக்குக்கு இங்கே நிறைய இடம் கொடுத்திருக்கிறேன். கடன், பத்திரம், குடி வருபவர் எல்லாம் அதற்குப் பின்னால் வருகின்றன.

சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு வேறுபடும். உங்கள் ஊர் விதிகளை அங்குள்ள வழக்கறிஞரிடமும் கணக்காளரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கீழே உள்ள எண்களை உங்கள் நாட்டு நாணயமாக நினைத்துக்கொண்டே படிக்கலாம்.

முதலில், நீங்கள் தயாரா?

கடன் அட்டை பாக்கி போன்ற அதிக வட்டிக் கடன் ஏதாவது இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் வேலை. எந்த வாடகை வீடும் அந்த வட்டி அளவுக்குச் சம்பாதித்துத் தராது. அப்புறம், உங்கள் குடும்பச் செலவுக்கு ஆறு மாதப் பணம் தனியாக இருக்க வேண்டும். வீட்டுக்கென்று இன்னொரு கையிருப்பும் வேண்டும். வாடகையே வராமல் ஆறு மாதம் போனாலும் தவணையும் பராமரிப்பும் கட்டுகிற அளவு இருந்தால் நிம்மதி. முன்பணம் கட்டியதோடு கையில் ஒன்றுமே மிச்சமில்லை என்றால், நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்றே சொல்வேன்.

இன்னொன்று, காலம். வீடு வாங்கும்போது பதிவுச் செலவு, முத்திரைத் தீர்வை, தரகு, வழக்கறிஞர் கட்டணம் எல்லாம் போகும். விற்கும்போது மறுபடி தரகு, வரி. போகும்போதும் வரும்போதும் சேர்த்து விலையில் பத்து சதவீதம் கரைந்தால், வீட்டின் மதிப்பு அந்தப் பத்து சதவீதம் ஏறிய பிறகுதான் நீங்கள் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிறீர்கள். ஏழெட்டு வருடம் வைத்திருக்க முடியாது என்று தோன்றினால் வாங்க வேண்டாம்.

குடி வருபவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிட்டுக் குழாய் உடைந்துவிட்டது என்பார். அதற்கு ஆள் அனுப்பும் பொறுப்பு உங்களுடையது. அந்த வேலை பிடிக்காது, ஆனால் கட்டடத்தில் முதலீடு செய்ய ஆசை என்பவர்களுக்கு ரெய்ட் எனப்படும் நில முதலீட்டு அறக்கட்டளைகள் இருக்கின்றன. பலருடைய பணத்தைச் சேர்த்துக் கட்டடங்களில் போட்டு, வரும் வாடகையைப் பங்கிட்டுத் தருபவை இவை. அமெரிக்காவில் 1960-இல் சட்டமாகி, இன்று பல நாடுகளில் பங்குச் சந்தையிலேயே வாங்க முடிகிறது. சிறு தொகை போதும், வேண்டும்போது விற்கலாம், குழாய் உடையாது. அதன் விலையும் ஏறி இறங்கும், அதை மறக்கக் கூடாது. வீடு வாங்குவதென்று முடிவெடுக்குமுன் இந்த வழியையும் ஒருமுறை உண்மையாக யோசித்துப் பாருங்கள்.

கணக்கு

ஒரு வீட்டின் விலை 10,00,000 என்று வைத்துக்கொள்வோம். மாத வாடகை 6,000. வருடத்துக்கு 72,000. விலையில் 7.2 சதவீதம். விளம்பரத்தில் போடுகிற எண் இதுதான், இதற்கு மொத்த வருமான விகிதம் என்று பெயர். இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

முதலில், வீட்டின் விலை 10,00,000 என்றாலும் உங்கள் கையிலிருந்து போவது அதைவிட அதிகம். பதிவு, வழக்கறிஞர், தரகு எல்லாம் சேர்த்து 70,000. பெயின்ட், குழாய், வயரிங் என்று குடி வைக்கும் நிலைக்குக் கொண்டுவர 30,000. ஆக, முதலீடு 11,00,000.

இனி வருடச் செலவு. வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று எழுதுங்கள், 6,000 போனது. இரண்டு வருடம் ஒரே ஆள் இருந்து, பிறகு இரண்டு மாதம் காலியாக இருந்தாலும் சராசரி இதே ஒரு மாதம்தான். நிர்வாகத்துக்கு 5,000. நானே பார்த்துக்கொள்வேன் என்று சொல்லாதீர்கள், உங்கள் நேரத்துக்கும் விலை உண்டு, நாளை நீங்கள் வேறு ஊர் போனால் யாருக்காவது கொடுக்கத்தான் வேண்டும். குடியிருப்போர் சங்கப் பராமரிப்புக் கட்டணம் 7,000. சொத்து வரி 4,000. காப்பீடு 2,000. சின்னச் சின்ன மராமத்து 6,000. பெரிய செலவுகளுக்கு ஒதுக்கீடு 4,000.

இந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். தண்ணீர் சூடாக்கும் கருவி பத்து வருடம் உழைக்கும். ஏசி பத்திலிருந்து பதினைந்து வருடம். மொட்டை மாடித் தளத்துக்கு ஒருநாள் புதிதாகப் பூச வேண்டிவரும். பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை 24,000 ஆகும் ஒரு செலவு, உண்மையில் வருடத்துக்கு 2,000 செலவு. அது வருகிற நாள் வரை கண்ணில் படாது, அவ்வளவுதான். வாங்கும்போதே ஒவ்வொரு பெரிய பொருளின் வயதையும் கேட்டு எழுதி, மாற்றும் செலவை மீதி ஆயுளால் வகுத்து ஒதுக்குங்கள்.

மொத்தச் செலவு 34,000. வாடகையில் கிட்டத்தட்ட பாதி. அமெரிக்க முதலீட்டாளர்கள் பேசும் 'ஐம்பது சதவீத விதி' இதைத்தான் சொல்கிறது: கடன் தவணையைச் சேர்க்காமலேயே வாடகையில் பாதி செலவாகப் போகும் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொள். இது துல்லியமான விதி கிடையாது. புதுக் கட்டடத்தில் குறையலாம், பழைய வீட்டில் கூடலாம். ஆனால் புதிதாக வருகிறவரின் கற்பனையைவிட உண்மைக்கு அருகில் இருக்கிறது.

72,000-இல் 34,000 போக மிச்சம் 38,000. அதை 11,00,000 முதலீட்டோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய 3.5 சதவீதம். 7.2 என்று தொடங்கிய எண் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. இதுதான் நிகர வருமான விகிதம். இரண்டு வீடுகளை ஒப்பிடுகிறீர்கள் என்றால் இந்த எண்களை ஒப்பிடுங்கள்.

இப்போது கடனைக் கொண்டுவருவோம். 7,00,000 கடன், 6 சதவீத வட்டி, 20 வருடம். மாதத் தவணை 5,015. வாடகை 6,000, தவணை 5,015, மாதம் 985 லாபம் என்றுதான் ஆரம்பத்தில் நான் சொன்ன ஒற்றைக் கணக்குப் போடுகிறவர் நினைப்பார். உண்மையில் வருடத் தவணை 60,180. செலவு போக மிச்சம் 38,000 மட்டும். வருடத்துக்கு 22,180 உங்கள் சம்பளத்திலிருந்து போக வேண்டும், அதாவது மாதம் 1,850-க்குக் கொஞ்சம் குறைவு. லாபம் என்று நினைத்த வீடு மாதாமாதம் பணம் கேட்கிறது.

அசல் அடைகிறதே என்று கேட்பீர்கள். நியாயம்தான். முதல் வருடத்தில் கட்டும் 60,180-இல் சுமார் 18,700 அசலுக்குப் போகிறது, மீதி 41,500 வட்டி. அந்த 18,700-ஐ உங்கள் சேமிப்பாக எண்ணினாலும் கணக்கு இன்னும் 3,500 கீழேயே நிற்கிறது. அப்படியானால் இந்த வீட்டில் நீங்கள் பணம் பார்ப்பது விலை ஏறினால் மட்டும்தான். விலை ஏறலாம். ஆனால் அது உங்கள் கையில் இல்லாத விஷயம், அதை நம்பி மாதாமாதம் பணம் போட உங்களால் முடியுமா என்பதுதான் கேள்வி.

இதே வீட்டில் கடனை 4,00,000 ஆகக் குறைத்தால் வருடத் தவணை சுமார் 34,400. அப்போது வருடத்துக்கு 3,600 மிஞ்சும். ஆனால் அதற்கு நீங்கள் 7,00,000 சொந்தப் பணம் போட்டிருப்பீர்கள். அதே பணம் வங்கி வைப்பில் எவ்வளவு தரும் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இப்போது வேறு ஒரு வீடு. சின்னது, அவ்வளவு பேர் போன பகுதி இல்லை. விலை 6,00,000, வாடகை 5,000. வாங்கும் செலவும் மராமத்தும் சேர்ந்து முதலீடு 6,80,000. வருட வாடகை 60,000, மேலே சொன்ன அதே வகைச் செலவுகள் 28,000, மிச்சம் 32,000. நிகர விகிதம் 4.7 சதவீதம். விலையில் எழுபது சதவீதம், அதாவது 4,20,000 கடன் வாங்கினால் தவணை மாதம் 3,009. வருடக் குறை 4,100 அளவுக்குத்தான். 3,60,000 கடன் என்றால் குறையே இல்லை, கொஞ்சம் மிஞ்சவும் செய்யும். பார்க்க அழகான வீடு முதல் வீடு, கணக்கில் நிற்கும் வீடு இரண்டாவது. முதன்முறை வாங்குபவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இரண்டாவது வகையைத்தான்.

'ஒரு சதவீத விதி' என்று ஒன்றும் காதில் விழும். மாத வாடகை விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். பெரிய நகரங்களில் பெரும்பாலும் எந்த வீடும் இதில் தேறாது. மேலே உள்ள இரண்டு வீடுகளுமே தேறவில்லை. வீடுகளை வேகமாகக் கழித்துக்கட்ட உதவும் ஒரு வடிகட்டியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடன் வாங்குவது

வீடு பார்ப்பதற்கு முன்பே வங்கியில் பேசி, எவ்வளவு கிடைக்கும் என்று எழுத்தில் முன் ஒப்புதல் வாங்குங்கள். குடியிருக்கும் வீட்டைவிட வாடகைக்கு விடும் வீட்டுக்குப் பல நாடுகளில் முன்பணம் அதிகம், வட்டியும் சற்றுக் கூடுதல். வரப்போகும் வாடகை முழுவதையும் வங்கி உங்கள் வருமானமாக எடுத்துக்கொள்ளாது. வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கிக்கொள்ளும் அமெரிக்க நிறுவனமான ஃபேனி மே, வாடகையில் 75 சதவீதத்தை மட்டும்தான் கணக்கில் சேர்க்கிறது. காலியாக இருக்கும் காலத்தையும் பராமரிப்பையும் மனதில் வைத்துத்தான் அப்படிச் செய்கிறார்கள். பணம் கொடுக்கிறவர்களே இவ்வளவு கவனமாக இருக்கும்போது நாமும் இருக்கலாம்.

வட்டி குறையும் என்பதற்காக, நானே குடியிருக்கப் போகிறேன் என்று பொய் எழுதிக் கொடுக்காதீர்கள். பரவாயில்லை, எல்லோரும் செய்கிறார்கள் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். அது கடன் மோசடி. பிடிபட்டால் மொத்தக் கடனையும் உடனே கட்டச் சொல்லலாம்.

நிலையான வட்டியா, மாறும் வட்டியா? மாறும் வட்டி என்றால் இரண்டு சதவீதம் ஏறினால் என்ன ஆகும் என்று இன்றே கணக்குப் போடுங்கள். மேலே சொன்ன 7,00,000 கடனுக்கு 6 சதவீதம் 8 ஆனால் தவணை 5,015-லிருந்து 5,855 ஆகிவிடும். இதெல்லாம் நடக்குமா என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனின் மத்திய வங்கியான பேங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 2021 டிசம்பர் தொடக்கத்தில் 0.1 சதவீதம், 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். இருபதே மாதம். ஒரே ஒரு வாடகை வீடு வைத்திருப்பவருக்கு, கொஞ்சம் கூடுதல் வட்டியானாலும் முதல் சில வருடங்களாவது நிலையாக இருப்பது நல்லது என்பது என் எண்ணம்.

இடம்

நீங்கள் அந்த வீட்டில் குடியிருக்கப் போவதில்லை. அதனால் உங்களுக்குப் பிடிக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். இங்கே யார் வாடகைக்கு வருவார்கள், அவர்களுக்கு என்ன வேண்டும் என்பது முதல் கேள்வி. மாணவர்களா, சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பமா, வேலைக்குப் போகும் தனியாட்களா? குடும்பத்துக்குப் பள்ளிக்கூடம் வேண்டும், வேலைக்குப் போகிறவருக்குப் பேருந்தும் ரயிலும் வேண்டும். ஆளைத் தீர்மானித்த பிறகு வீட்டைத் தேடினால் தேடல் சுருங்கிவிடும்.

வாடகை எவ்வளவு வரும் என்பதைத் தரகர் சொல்வதை வைத்து எழுதாதீர்கள். விளம்பரத்தில் கேட்கும் வாடகையும் உண்மையில் கொடுக்கும் வாடகையும் வேறு. அதே தெருவில், அதே அளவு வீட்டுக்கு, சமீபத்தில் குடிவந்தவர்கள் என்ன கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். ஒரே விளம்பரம் வாரக்கணக்கில் அப்படியே கிடந்தால் அந்த வாடகை அங்கே செல்லவில்லை என்று பொருள். காலையில், இரவில், விடுமுறை நாளில் என்று வெவ்வேறு நேரங்களில் தெருவில் நடந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று தெரிந்துவிடும்.

ஒரே தொழிற்சாலையையோ ஒரே கல்லூரியையோ நம்பி நிற்கும் பகுதியில் எச்சரிக்கை வேண்டும். அது இடம் மாறினால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் காலியாகும். சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதிகம் கிடைக்கும் என்று வாங்குகிறவர்கள் விதிகளையும் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் 2023 செப்டம்பரிலிருந்து இதற்குக் கடுமையான பதிவு முறை அமலில் இருக்கிறது. பார்சிலோனா 2028 நவம்பருக்குள் சுற்றுலா வாடகை உரிமங்களை முடித்துவிடப் போவதாக 2024-இல் அறிவித்தது. நாள் வாடகையில் மட்டுமே நிற்கும் கணக்கு, கணக்கே கிடையாது. மாத வாடகைக்கு விட்டாலும் நிற்க வேண்டும்.

வீட்டைப் பார்ப்பது

புதுப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு சுவர் இருந்தால் அதன் பின்னால் என்ன என்று கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஓதம், கூரையில் பழுப்பு வளையம், குளியலறையை ஒட்டிய அறைச் சுவரில் உப்புப் பூப்பது, இதெல்லாம் தண்ணீர்க் கசிவின் அடையாளம். வாடகை வீட்டில் அதிகச் செலவு வைப்பது தண்ணீர்தான். எல்லாக் குழாய்களையும் ஒன்றாகத் திறந்து அழுத்தம் குறைகிறதா, வடிகால் வேகமாக இறங்குகிறதா என்று பாருங்கள். மின்சாரப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய வயரிங், தரையிணைப்பு இல்லாத பிளக் இருந்தால் மொத்தமாக மாற்றும் செலவைக் கணக்கில் சேருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும், கட்டடம் தெரிந்த ஒரு பொறியாளரை உங்கள் செலவில் அழைத்துப் போங்கள். விற்பவர் சிபாரிசு செய்யும் ஆள் வேண்டாம். அவர் கொடுக்கும் அறிக்கை உங்களைக் காப்பாற்றும், விலை பேசவும் உதவும்.

அடுக்குமாடி வீடு என்றால் சங்கத்தின் கணக்குப் புத்தகத்தையும் சமீபத்திய கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். லிஃப்ட் மாற்றப் போகிறோம், ஆளுக்கு இவ்வளவு என்று தீர்மானம் போட்டிருக்கலாம். வாடகைக்கு விடவே கூடாது என்றோ இத்தனை வீடுகள்தான் விடலாம் என்றோ விதி வைத்திருக்கும் சங்கங்களும் உண்டு. வாங்கிய பிறகு இது தெரிந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

ஏற்கெனவே குடியிருப்பவரோடு விற்கும் வீடு என்றால் அவருடைய ஒப்பந்தம், வாடகை வரவு, குடி வரும்போது அவர் கொடுத்த வைப்புத்தொகை மூன்றின் விவரத்தையும் எழுத்தில் வாங்குங்கள். வைப்புத்தொகை யார் கையில் இருக்கிறது, அது உங்களுக்கு மாற்றித் தரப்படுமா என்று கிரயத்துக்கு முன்பே தீர்த்துக்கொள்ள வேண்டும். பல நாடுகளில் உரிமையாளர் மாறினாலும் ஒப்பந்தம் மாறாது. நீங்கள் நினைத்தபடி உடனே வாடகையைக் கூட்டவோ காலி செய்யச் சொல்லவோ முடியாமல் போகலாம்.

பத்திரமும் பேரமும்

உங்களுக்கென்று ஒரு வழக்கறிஞர். விற்பவருக்கும் உங்களுக்கும் ஒரே வழக்கறிஞர் என்றால் செலவு மிச்சம் என்பார்கள், ஒப்புக்கொள்ளாதீர்கள். விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா, கையெழுத்துப் போட வேண்டிய வாரிசுகள், கூட்டு உரிமையாளர்கள் வேறு யாரும் உண்டா, வீட்டின் மீது அடமானமோ வழக்கோ வரி பாக்கியோ இருக்கிறதா, கட்டியது அனுமதி வாங்கியபடிதானா என்று அவர் பார்த்து எழுத்தில் கருத்துச் சொல்ல வேண்டும். அனுமதி இல்லாமல் கட்டிய கூடுதல் அறைக்கு வாடகை வருகிறது என்று அதைக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். நாளை இடிக்கச் சொல்லலாம், காப்பீடும் கிடைக்காமல் போகலாம்.

விலை பேசும்போது உங்கள் கணக்குத் தாளிலிருந்து பின்னோக்கி வாருங்கள். இந்த வாடகைக்கு, இந்தச் செலவுக்கு, இந்த வட்டிக்கு, என்ன விலை கொடுத்தால் என்னால் தாங்க முடியும்? அந்த எண்ணை எழுதிவைத்துவிட்டுப் பேசப் போங்கள். அதைத் தாண்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இன்னொருவர் வாங்கத் தயாராக இருக்கிறார், இன்றே முன்பணம் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால், அவசரம் தரகருக்குத்தான். தரகர் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. பேரம் முடிந்தால்தான் அவருக்குக் கூலி, அதை மனதில் வைத்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தத்தில் இரண்டு நிபந்தனைகள் கட்டாயம் இருக்கட்டும். வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பி வர வேண்டும். கட்டடச் சோதனையிலோ பத்திரச் சோதனையிலோ பெரிய குறை தெரிந்தால் விலக உரிமை வேண்டும்.

குடி வைக்குமுன்

சாவி வந்ததும் பூட்டை மாற்றுங்கள். புகை எச்சரிக்கைக் கருவி பொருத்துங்கள், எரிவாயு அடுப்போ ஹீட்டரோ இருந்தால் கார்பன் மோனாக்சைடு கருவியும் வேண்டும். சட்டம் கேட்கிறதோ இல்லையோ, உள்ளே தூங்கப் போவது மனிதர்கள். வாடகை வீட்டுக்குரிய காப்பீடு எடுங்கள். சொந்தக் குடியிருப்புக்கான காப்பீட்டை வைத்துக்கொண்டு வாடகைக்கு விட்டால், தீ விபத்து என்று போய் நிற்கும்போது பணம் தர மறுக்கலாம். ஒவ்வொரு அறையையும், தரை, சுவர், அலமாரி உள்பக்கம் வரை, தேதியோடு படம் எடுத்துவைத்து, குடி வருபவருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இது உங்களை மட்டும் காக்கும் ஏற்பாடு இல்லை. முன்பிருந்த கீறலுக்கு அவர் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதும் இதனால்தான் உறுதியாகிறது.

யாருக்கு விடுவது

காலியாக இருக்கிறதே என்ற பதற்றத்தில் முதலில் வந்தவருக்குக் கொடுத்துவிடுவது புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இன்னும் ஒரு மாதம் காலியாக இருந்தால் இழப்பு ஒரு மாத வாடகை. வாடகை கொடுக்காத ஒருவரைச் சட்டப்படி வெளியேற்ற மாதக்கணக்கில் ஆகும், சில இடங்களில் வருடக்கணக்கில்.

வருமானச் சான்று கேளுங்கள். வாடகை அவர் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் இருந்தால் இருவருக்கும் நல்லது. முந்தைய வீட்டு உரிமையாளரிடம் பேசுங்கள். இப்போது இருக்கும் வீட்டுக்காரர் அவரை எப்படியாவது அனுப்பினால் போதும் என்று நல்லவிதமாகச் சொல்லலாம். அதற்கு முந்தைய வீட்டுக்காரருக்கு அந்தத் தேவை கிடையாது, அவரிடமும் கேளுங்கள்.

என்னென்ன தகுதி பார்ப்பீர்கள் என்பதை முன்பே எழுதிவைத்து, வருகிற எல்லோருக்கும் அதையே பயன்படுத்துங்கள். மதம், இனம், பிறப்பு பார்த்து வீடு மறுப்பது பல நாடுகளில் குற்றம். அமெரிக்காவில் 1968 முதலே நியாயமான வீட்டுவசதிச் சட்டம் அதைத் தடுக்கிறது. சட்டம் இல்லாத இடத்திலும் அதைச் செய்யாதீர்கள். வீடு தேடி அலைபவரைப் பெயர் கேட்டுத் திருப்பி அனுப்புவது கொடுமை. அது உங்கள் வாடகையையும் பாதுகாக்காது.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், தெரிந்தவர் என்றாலும். வாடகை, கட்டும் தேதி, காலம், எத்தனை நாள் முன்னறிவிப்பு, எந்தப் பழுதை யார் பார்ப்பது, வைப்புத்தொகையிலிருந்து எதற்கெல்லாம் கழிக்கலாம், எத்தனை நாளில் திருப்புவது என்று தெளிவாக எழுதுங்கள். வைப்புத்தொகை உங்கள் பணம் கிடையாது. தனிக் கணக்கில் போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். சில நாடுகளில் அதை அரசு அங்கீகரித்த அமைப்பில்தான் வைக்க வேண்டும். குடி வைத்த பிறகு அது அவருடைய வீடு. அவசரம் தவிர, முன்பே சொல்லாமல் உள்ளே போகக் கூடாது.

நடத்துவது

வீட்டுக்கென்று ஒரு தனி வங்கிக் கணக்கு. வாடகை அதில் வரட்டும், செலவு அதிலிருந்தே போகட்டும். ஒழுகல் என்று செய்தி வந்தால் அன்றே ஆள் அனுப்புங்கள். இன்று வாஷர் மாற்றினால் முடியும் வேலை, ஆறு மாதம் விட்டால் சுவரை உடைக்கும் வேலையாகும்.

வாடகையைக் கூட்டும்போது ஒரு கணக்குப் போடுங்கள். 6,000 வாடகையை ஐந்து சதவீதம் கூட்டினால் வருடத்துக்கு 3,600 கூடும். அதனால் ஒழுங்காகக் கட்டும் ஒருவர் காலி செய்து, வீடு ஒரு மாதம் சும்மா கிடந்தால் 6,000 போகும், பெயின்டும் தரகும் தனி. சந்தை வாடகையைவிடக் கொஞ்சம் குறைவாக வாங்கி நல்ல குடித்தனத்தை வைத்துக்கொள்வது பெரும்பாலும் லாபம். கூட்டவே கூடாது என்றில்லை. சிறிதாக, முன்பே சொல்லி, ஒப்பந்தம் அனுமதிக்கும் அளவில் கூட்டுங்கள்.

விதிகள் மாறும் என்பதற்கும் இடம் வைத்திருங்கள். பெர்லின் 2020-இல் வாடகைக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது, 2021-இல் ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது. பிரிட்டனில் வாடகை வீட்டுக் கடன் வட்டியை வருமானத்திலிருந்து முழுவதும் கழித்துக்கொள்ளும் வசதி 2017 முதல் 2020-க்குள் படிப்படியாக எடுக்கப்பட்டு, வட்டியில் 20 சதவீதத்தை மட்டும் வரியில் குறைக்கும் சலுகையாகச் சுருங்கியது. நூலிழை லாபத்தில் வாங்கியவர்களுக்கு இப்படி ஒரே ஒரு மாற்றம் போதும், கணக்கு கவிழ்ந்துவிடும்.

வரிக்காக, வாங்கிய நாளிலிருந்தே எல்லா ரசீதையும் வைத்திருங்கள். மராமத்துச் செலவை அந்த வருடமே கழிக்கலாம் என்றும், புது அறை கட்டுவது போன்ற மேம்பாட்டைப் பல வருடங்களாகப் பிரித்தோ விற்கும்போதோதான் கழிக்க முடியும் என்றும் பல நாடுகளில் விதி இருக்கிறது. எது எதில் சேரும் என்பதைக் கணக்காளர் சொல்லட்டும். ரசீது இல்லாமல் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஒரு வருடம் முடிந்ததும் பழைய தாளை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உண்மையில் ஆன தொகையை எழுதுங்கள். மராமத்துக்கு 6,000 என்று போட்டது 9,000 ஆகியிருக்கலாம், காலி மாதம் வராமலே போயிருக்கலாம். ஒரு வருடத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், மூன்று வருடம் இதைச் செய்தால் உங்கள் வீட்டின் உண்மையான செலவு விகிதம் கிடைக்கும். இரண்டாவது வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், இந்த விகிதத்தை வைத்து அதன் கணக்கைத் தொடங்குங்கள்.